ஆட்சியாளரின் நாற்காலியும் மேய்ப்பனின் கோலும்: ஆயர் அசரியாவின் வாழ்வு



நம் பாலக்கோடு பகுதியில் பிற சபைகளைச் சேர்ந்த உறவினரோ நண்பரோ இல்லாத கத்தோலிக்கக் குடும்பங்கள் குறைவு. அவர்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழ் நம் கைக்கு வரும்போது ஒரு சொல் நம்மைச் சற்றுக் குழப்பும். சி.எஸ்.ஐ. என்று நாம் அழைக்கும் தென்னிந்தியத் திருச்சபையினர் தங்கள் மறைமாவட்டத் தலைவரைப் பேராயர் என்கிறார்கள். மறைமாவட்டத்தைத் திருமண்டலம் என்கிறார்கள். நமக்கோ பேராயர் என்றால் உயர்மறைமாவட்டத்தின் தலைவர். மறைமாவட்டத்திற்குத் தலைவர் ஆயர். நம் தாத்தா பாட்டி காலத்தில் அவரையே மேற்றிராணியார் என்று சொன்னோம். அவர்களுடைய பழைய ஏடுகளைப் புரட்டினால் அத்தியட்சர் என்ற சொல் வரும். பெயர்கள் எத்தனை இருந்தாலும், மந்தையைக் கண்காணித்து மேய்ப்பவர் என்பதே அவற்றின் அடிப்படைப் பொருள்.

ஆனால் நம் நாட்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர் பணி மேய்ப்புப் பணியாகத் தொடங்கவில்லை. அது ஓர் அரசாங்கப் பதவியாகக் கப்பலேறி வந்தது. அந்தப் பதவி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து முதன்முறையாக ஓர் இந்தியரின் கைக்கு வந்தது. அந்த இந்தியர் நம் தமிழர். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தெலுங்கு நாட்டு ஏழைகளின் நடுவே வாழ்ந்து இறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். என்றாலும் ஆயர் என்பவர் யார் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வு தரும் பதில் நமக்கும் உரியது என்று கருதுகிறோம்.

முதலில் அந்த நாற்காலியின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 1813-ஆம் ஆண்டு ஆங்கிலேய நாடாளுமன்றம் கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமைச் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்தியாவுக்கு ஓர் ஆயரை நியமிக்கவும் வழி செய்தது. 1814-இல் தாமஸ் மிடில்டன் கல்கத்தாவின் முதல் ஆயராக வந்து சேர்ந்தார். அவரை நியமித்தது அரசர்; ஊதியம் இந்திய வருவாயிலிருந்து. கம்பெனி ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பு முழுவதும் அவருடைய மறைமாவட்டம். கம்பெனி அதிகாரிகள், படைவீரர்கள், அவர்களுக்காக வைத்திருந்த சிற்றாலயக் குருக்கள் ஆகியோரைக் கவனிப்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. இந்தியக் கிறிஸ்தவர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தமக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்பதே மிடில்டனுக்குத் தெளிவாகவில்லை. அவர் கொடுக்கவுமில்லை. திருத்தூதர்களின் வழிவந்ததாகச் சொல்லப்படும் ஓர் அதிகாரம், அரசாணையில் இடமில்லை என்பதால் ஒரு மனிதர் தலைமீது கை வைக்கத் தயங்கி நின்றதை எண்ணிப் பாருங்கள்!

அந்தத் தயக்கத்தை உடைத்தவர் அடுத்து வந்த ஆயர் ரெஜினால்டு ஹீபர். அவரிடம் 1824-இல் குருப்பட்டம் பெற்றவர் கிறிஸ்டியன் டேவிட் என்ற தமிழர். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்று, இலங்கையில் பணியாற்றியவர். ஹீபர் 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு, வெயிலின் களைப்புத் தீர நீர்த்தொட்டியில் குளிக்க இறங்கியவர் அங்கேயே உயிர்நீத்தார். அங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பின்பு 1835-இல் சென்னைக்கும், 1837-இல் மும்பைக்கும் தனித்தனி ஆயர்கள் வந்தார்கள். திருநெல்வேலியில் கிறிஸ்தவர்கள் பெருகியதால், 1877-இல் கால்டுவெல், சார்ஜண்ட் இருவரும் சென்னை ஆயரின் துணை ஆயர்களாக உயர்த்தப்பட்டனர். நம் மொழிக்கு ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்கூட முழு அதிகாரமுள்ள மறைமாவட்ட ஆயராக ஒருநாளும் இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. திருநெல்வேலி தனி மறைமாவட்டமானது அவர் இறந்த பிறகு, 1896-இல். அங்கே வந்த முதல் ஆயரும் ஆங்கிலேயரே.

இந்தத் திருநெல்வேலிச் சீமையில்தான், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில், 1874 ஆகஸ்டு 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம், சைவக் குடும்பத்தில் பிறந்து, மெய்ஞ்ஞானபுரம் மிஷன் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்துவை ஏற்று, பின்பு கிராமக் குருவானவர் வரை உயர்ந்தவர். தாய் எலன், விவிலியத்து அன்னாளைப் போல் நெடுநாள் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயரிட்டார். தந்தை 1889-இல் மறைந்தார். கட்டுப்பாடும் செபமும் மிகுந்த அந்தத் தாயின் வளர்ப்பே மகனுடைய வாழ்நாள் முழுவதும் அவரிடம் தெரிந்தது. பின்னாளில் ஆயராக இருந்தபோதும் அவருடைய கண்டிப்பைக் குருக்கள் சிலர் அஞ்சினார்கள்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பட்டத் தேர்வின் கணிதத் தாள் வேளையில் நோயில் விழுந்தார்; மீண்டும் அதை எழுதவேயில்லை. பட்டமில்லாமல் கல்லூரியை விட்டு வந்த அந்த இளைஞருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் இழக்கும் நம் பெற்றோருக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. எனும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராகத் தென்னிந்தியாவெங்கும் சுற்றினார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்கர். வெள்ளையரும் இந்தியரும் ஒன்றாக உண்பதே வியப்பாக இருந்த நாள்களில் இருவரும் தோழர்களாகப் பழகினார்கள். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களுள் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களில் ஒருவர் அந்த அம்மையார். பிற்காலத்தில் தோர்ணக்கல் கிராமப் பெண்கள் நடுவே நடந்த பணியில் பாதி அவருடையது.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நற்செய்திப் பணியாளர்களைக் கடல் கடந்து அனுப்பி வருவதைக் கண்டார். அது அவரை உறங்கவிடவில்லை. திருநெல்வேலியில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள்; ஆலயங்கள் உயர்ந்துவிட்டன; பள்ளிகள் பெருகிவிட்டன. ஆனால் நற்செய்தி அறிவிப்பது வெள்ளைக்காரர் வேலை, அதற்குப் பணம் சீமையிலிருந்து வரவேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. (இந்த எண்ணம் அந்தச் சபைக்கு மட்டும் உரியதன்று என்பதை நாமும் அறிவோம்.) 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்தியப் பணியாளர், இந்திய நிருவாகம் என்பதே அதன் விதி. 1905 கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் எல்லாச் சபையினரையும் சேர்த்துத் தேசிய மிஷனரி சங்கமும் தொடங்கப்பட்டது. இரண்டிலும் முன்னின்றவர் அசரியா.

பாளையங்கோட்டைச் சங்கம் தன் பணிக்களமாகத் தேர்ந்துகொண்ட இடம் நிசாம் ஆட்சியிலிருந்த ஐதராபாத் நாட்டின் தோர்ணக்கல். இன்று அது தெலங்கானா மாநிலத்தில், மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கும் இரயில் சந்திப்பு. இளைஞர்களைப் போகச் சொல்லிக்கொண்டே தாம் சென்னையில் இருப்பது எப்படி என்ற கேள்வி அசரியாவை உறுத்தியது. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் திருத்தொண்டராகவும் பின்பு குருவாகவும் பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். வயது முப்பத்தைந்து. தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசும் மக்களோடு அன்றாடம் வாழும் நமக்கு இது எளிதாகத் தோன்றலாம். திருநெல்வேலித் தமிழருக்கு அது வேறு நாடு, வேறு மொழி, வேறு சாப்பாடு. அவர் அதைத் தம் மொழியாக்கிக்கொண்டு அதிலேயே மறையுரை ஆற்றினார்.

1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பேராளர்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. அங்கே பேச அழைக்கப்பட்ட அசரியா, எவரும் எதிர்பாராத ஒன்றைப் பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை இந்தியத் திருச்சபை மறக்காது என்று நன்றியோடு ஏற்றுக்கொண்டார். பின்பு, அந்தத் தியாகத்திற்கு நடுவிலும் ஒன்று குறைகிறது என்றார். ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பணிசெய்தும் இந்தியப் பணியாளரைத் தங்கள் வீட்டு மேசைக்கு அழைக்காத, அவர் வீட்டுக்குப் போகாத, சம்பளம் கொடுக்கும் முதலாளியாகவே நடந்துகொள்ளும் மிஷனரிகளைப் பற்றி மறைக்காமல் சொன்னார். தங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று கேட்டு முடித்தார். அவையில் சிலர் கைதட்டினார்கள். சிலர் முகம் சிவந்தார்கள். அந்த மேடைக்கு அவரைக் கொண்டு வந்ததே வெள்ளை நண்பர்கள்தான். அவர்களுடைய ஆதரவிலேயே தம் எதிர்காலம் இருந்தும் அவர் அதைப் பேசினார். பிச்சை கேட்பவன் குரலும் அதில் இல்லை, பகைவன் குரலும் இல்லை. அந்தப் பேச்சின் பெருமை அதில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

அப்போது சென்னை ஆயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவை ஆயராக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே முயன்று கொண்டிருந்தார். முதலில் திருநெல்வேலிக்குத் துணை ஆயராக்கலாம் என்று நினைத்தார். எதிர்ப்பு வந்தது. ஓர் இந்தியருக்குக் கீழ் வெள்ளைக் குருக்கள் எப்படிப் பணிசெய்வார்கள் என்று மிஷனரிகள் கேட்டார்கள். ஆப்பிரிக்காவை எடுத்துக்காட்டினார்கள். அங்கே நைஜீரியாவில் சாமுவேல் குரோத்தர் என்ற கறுப்பினத்தவர் 1864-இல் ஆங்கிலிக்கன் ஆயரானார். அவருடைய முதுமையில் இளம் வெள்ளை மிஷனரிகள் அவரை அவமதித்து ஓரங்கட்டினார்கள். 1891-இல் அவர் இறந்தபின் அந்த இடத்திற்கு ஓர் ஆங்கிலேயரே வந்தார். தாங்கள் செய்த அநீதியையே அந்த இனத்தாரின் தகுதியின்மைக்குச் சான்றாகக் காட்டினார்கள். இது போதாதென்று நம்மவர் எதிர்ப்பும் சேர்ந்தது. நாடார் குலத்தில் பிறந்த ஒருவர் தங்களுக்கு ஆயராக வருவதை வேறு சாதிக் கிறிஸ்தவர்கள் சிலர் விரும்பவில்லை. வெள்ளையரின் நிறவெறியைப் பேசும்போது இதை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. தோர்ணக்கல் நிசாம் நாட்டில் இருந்தது. அதாவது ஆங்கிலேயர் நேரடியாக ஆளும் மண்ணுக்கு வெளியே. அரசாணைச் சிக்கல்கள் அங்கே குறைவு. அந்தச் சிறு பகுதியைப் புதிய மறைமாவட்டமாக்கி அசரியாவை அதன் ஆயராக்கினார்கள். அதோடு சென்னை ஆயருக்குத் துணையாகவும் வைத்தார்கள். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. மிடில்டன் வந்து 98 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய இடங்களில் எங்கும் வைக்க முடியாத இந்தியரை யாரும் கண்டுகொள்ளாத ஓர் இரயில் நிலையக் கிராமத்தில் வைத்தார்கள் என்றும் இதைச் சொல்லலாம். ஆனால் கர்த்தர் பெத்லகேமையும் அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

இங்கே நம் பங்குமக்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1896-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, ஆங்கிலிக்கன் திருச்சபையில் கொடுக்கப்படும் குருப்பட்டங்கள் செல்லுபடியாகாதவை என்று தீர்ப்பளித்தார். அது நம் திருச்சபையின் நிலைப்பாடு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டில், நம்மிடமிருந்து பிரிந்த மேற்கத்திய சபைகளுள் ஆங்கிலிக்கன் சபைக்குத் தனி இடம் உண்டு என்று குறிப்பிட்டது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் ஆயர் மோதிரத்தையே கழற்றி, உரோமைக்கு வந்திருந்த காண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சியின் விரலில் அணிவித்தார். கோட்பாட்டில் தீராத ஒன்று மதிப்பில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு அந்த மோதிரம் சாட்சி. அசரியாவை நாம் இங்கே நினைவுகூர்வதும் அந்த மதிப்போடுதான்.

தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்கள் யார்? பெரும்பாலும் மாலர், மாதிகர் எனப்படும் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மக்கள். நிலமற்ற கூலிகள், தோல் தொழிலாளர், கடனில் மூழ்கியவர்கள். ஊர் ஊராக, சேரி சேரியாக வந்தார்கள். ஆயர் மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஆண்டில் பெரும்பகுதி சுற்றினார். சேரி மரத்தடியில் உட்கார்ந்து மறைக்கல்வி கேள்விகளைத் தாமே கேட்டார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று சொல்லி, அவற்றை விரட்டாமல் திருமுழுக்குக்கு வராதீர்கள் என்று கண்டித்தார். குடி இன்றும் எத்தனை குடும்பங்களை அழிக்கிறது என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த ஆயரை நிச்சயம் பிடிக்கும்.

திருமுழுக்குப் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தி அறிவியாவிட்டால் எனக்குக் கேடு என்னும் பொருளில் தூய பவுல் எழுதியதைச் (1 கொரி 9:16) சொல்லும்படி அவர் பழக்கினார். படிப்பறிவில்லாத கூலித் தொழிலாளியும் அன்று முதல் நற்செய்திப் பணியாளர். பக்கத்து ஊருக்கு நற்செய்தி கொண்டுபோவது சம்பளக்கார உபதேசியாரின் வேலை என்று ஒதுங்க அவருக்கு வழியில்லை. காணிக்கையும் அப்படித்தான். கையில் காசில்லாத பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்து ஞாயிறன்று ஆலயத்திற்குக் கொண்டு வந்தார்கள். அறுவடைத் திருவிழாவில் கோழியும் தானியமும் காய்கறியும் பீடத்தின் முன் குவிந்தன. வாங்கியே பழகிய ஏழைக்குக் கொடுக்கும் பெருமையைக் கற்றுக்கொடுத்தார் அசரியா. கிறிஸ்தவன் கொடுத்தல் பற்றி அவர் எழுதிய நூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது.

குருக்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர் இன்னும் துணிந்தார். கல்லூரிப் பட்டம் பெற்றவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமங்களில் ஆசிரியராக உழைத்துச் சோதிக்கப்பட்டவர்களை அழைத்து, தோர்ணக்கல்லில் இறையியல் கற்பித்து, குருப்பட்டம் கொடுத்தார். அவர்களுடைய மனைவியருக்கும் அங்கேயே படிப்பும் பயிற்சியும் உண்டு. படிப்பு குறைந்தவர்களைக் குருக்களாக்குகிறார் என்ற குறை எழுந்தது. மக்கள் சேற்றில் நிற்கும்போது மேய்ப்பன் மேட்டில் நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். 1920-களில் கிருஷ்ணா, குண்டூர் முதலிய பகுதிகளும் தோர்ணக்கல்லோடு சேர்ந்தன. ஓர் இந்தியருக்குக் கீழ் பணிசெய்ய முடியுமா என்று ஒரு காலத்தில் கேட்ட ஐரோப்பிய மிஷனரிகள் இப்போது அவர் ஆளுகையில் பணி செய்தார்கள். 1930-களின் நடுவில் மறைமாவட்டத்தின் மக்கள் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அவர் தோற்ற இடமும் உண்டு. மாலரும் மாதிகரும் ஒரே கிண்ணத்தில் பருகினாலும், வெளியே வந்ததும் தனித்தனியே பிரிந்தார்கள். சாதியை ஆலய வாசலில் விட்டுவிட்டு வா என்று எவ்வளவோ மன்றாடினார், தண்டித்தும் பார்த்தார். முழு வெற்றி கிட்டவில்லை. நம் கல்லறைத் தோட்டங்களிலும் பங்குப் பேரவைகளிலும் இந்த நோய் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அறிந்த நாம் அவரைக் குறை சொல்லத் தகுதியற்றவர்கள்.

நாட்டு அரசியலிலும் அவர் தனித்தே நின்றார். 1932-இல் ஆங்கிலேய அரசு கிறிஸ்தவர்களுக்கும் தனித்தொகுதி தரும் தீர்ப்பை அறிவித்தபோது அதை எதிர்த்தார். திருச்சபை ஓர் ஓட்டுக் கூட்டமாகச் சுருங்கிவிடும் என்று அஞ்சினார். அதில் காந்தியடிகளும் அவரும் ஒரே பக்கம். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் மதம் மாறுவதைக் காந்தி ஏற்கவில்லை; அசரியாவோ, ஓர் ஏழை தன் மனச்சான்றுப்படி கிறிஸ்துவை ஏற்கும் உரிமையை விட்டுத்தர மறுத்தார். இரு பெரியவர்களும் கடைசிவரை உடன்படவில்லை.

அந்த நாள்களில் அவர் உள்ளத்தை அரித்த வேறொன்று உண்டு. அது கிறிஸ்தவர்களின் பிரிவினை. லண்டன் மிஷன் ஓர் ஊரில், மெத்தடிஸ்டு அடுத்த ஊரில், ஆங்கிலிக்கன் அதற்கடுத்த ஊரில். ஐரோப்பாவின் பழைய சண்டைகளை இந்தியச் சேரிகள் ஏன் சுமக்க வேண்டும்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர மற்றவர் அனைவரும் இந்தியர். கூட்டியவர்களில் முதன்மையானவர் அசரியா. சபைகள் ஒன்றாகவேண்டும் என்ற அறிக்கை அங்கே பிறந்தது. (அதே 1919-இன் நவம்பரில்தான் நம் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்க வலியுறுத்தித் திருமடல் எழுதினார். காலம் எல்லாக் கதவுகளையும் ஒருசேரத் தட்டியது போலும்.)

தரங்கம்பாடியில் எழுந்த பெரிய சிக்கலே ஆயர் பணிதான். ஆயர்களே இல்லாத சபைகள் அதை அரசவைக் கோலமாகக் கண்டு வெறுத்தன. ஆங்கிலிக்கன் சபையோ ஆயரை விட்டுவிட முடியாது என்றது. ஆயர் இருக்கட்டும்; ஆனால் அவர் சபையின் சட்டத்திற்கும் மன்றத்திற்கும் உட்பட்டவராக இருக்கட்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. அசரியாவைப் பார்த்த மற்றச் சபையினருக்கு அந்த வழியை நம்புவது எளிதாயிருந்தது. 1930-இல் இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்து அரசின் பிடியிலிருந்து சட்டப்படி விடுபட்டது. ஆயர்களைத் தேர்ந்தெடுப்பதில் மறைமாவட்ட மன்றங்களுக்கு இடம் கிடைத்தது. ஒன்றிப்புப் பேச்சோ இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. இலண்டன் லாம்பெத் மாநாட்டிலும் பிற உலக மாநாடுகளிலும் அசரியா அதற்காக மன்றாடிக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையே தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயம், கால் நூற்றாண்டு காலம் மெல்ல மெல்ல எழுந்து, 1939 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று அர்ச்சிக்கப்பட்டது. கோவில் தூண்களும் பள்ளிவாசல் குவிமாடமும் சேர்ந்த கட்டடம். ஆங்கில நாட்டு ஊசிக்கோபுரம் அங்கே இல்லை. அந்த நாட்டுக் கைவினைஞர் கண்ணுக்குப் பழகிய அழகெல்லாம் சிலுவையைச் சுமக்க வந்து நிற்கின்றன.

1945 ஜனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் இறந்தார். அந்தப் பேராலயத்தின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1912 முதல் அன்று வரை, 32 ஆண்டுகளில், இந்தியாவில் ஓர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் தலைமையில் இருந்த ஒரே இந்தியர் அவரே. இரண்டாமவரை அவர் கண்ணால் காணவில்லை. நம் பக்கத்தில், அதே தூத்துக்குடிக் கரையில், நவீன காலத்தின் முதல் இந்திய இலத்தீன் ஆயராக திபூர்சியுஸ் ரோச் 1923-இல் பொறுப்பேற்றார். நம் பாலக்கோட்டு முன்னோர் 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தில் முதலில் கண்டது பிரெஞ்சு ஆயர் புருனியேரை. நம் நாட்டவரான ஆயர் செல்வநாதரைக் காண 1949 வரை காத்திருந்தார்கள். 1997-இல் தர்மபுரி தனி மறைமாவட்டமானபோது, ஆயர் நம்மவராக இருப்பதை யாரும் ஒரு செய்தியாகக்கூட நினைக்கவில்லை.

அசரியா இறந்த அதே ஜனவரி மாதத்தில் ஆங்கிலிக்கன் பொதுமன்றம் கூடி, அவர் கால் நூற்றாண்டு போராடிய ஒன்றிப்புத் திட்டத்தை ஏற்று வாக்களித்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்று புதிதாக ஒன்பது ஆயர்கள் திருநிலை பெற்றனர். 1950-இல் அ. ஜ. அப்பாசாமி கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயரானார். நம் பழைய சேலம் மாவட்டத்தில் லண்டன் மிஷன் வளர்த்த சிற்றாலயங்கள், அதுவரை ஆயர் என்ற ஒருவரை அறியாதவை, திடப்படுத்தல் பெறும் பிள்ளைகளை வெள்ளுடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு தமிழ்ப் பேராயரின் வருகைக்காகக் காத்திருக்கத் தொடங்கின.